குடுத்தாச்சு

வார நாட்களில் இந்தச் சாலையில் பேருந்து ஓட்டுகிறேன்.
குளிர்காற்றில் உட்கார்ந்தபடி
ஒரே மிதியில் கடந்துவிடுவேன்.
இது மேடு என்பதே
இன்றைக்குத்தான் தெரிகிறது.

தைப்பூசம்.
பச்சைச் சட்டை, முதலுதவிப் பை,
சில்லு கிறீச்சிடும் ஐஸ் பெட்டி.
பரமட்டாவில் நாற்பத்து நான்கு பாகை.
தார் மீது வெப்பமானியைக் காட்டினார் செமிசி:
அறுபத்து மூன்று.
கருவியை ஒருமுறை உதறிவிட்டு மறுபடி காட்டினார்.
அறுபத்து மூன்றேதான்.
அதன்மேல்
வெறுங்கால்கள் வந்துகொண்டிருந்தன.

பூங்காவில் வௌவால்கள்
கிளைகளிலிருந்து உதிர்வதாக வானொலி சொன்னது.
விழுந்தவற்றைத் தொடாதீர்கள்,
பயிற்சி பெற்றவர்கள் வருவார்கள்.
நாங்களும் பயிற்சி பெற்றவர்கள்தாம்,
மனிதர்களுக்கு.

பெயர் தெரியாத ஒரு வீட்டுக்காரர்
புல்லுக்கு விடும் குழாயைத்
தெருவுக்குத் திருப்பியிருந்தார்.
பத்தடிக்குச் சாலை கறுத்து மின்னியது.
அதுவரை ஓட்டமும் நடையுமாய் வந்தவர்கள்
அந்தப் பத்தடியில் மட்டும்
தேர் போல் அசைந்தார்கள்.

தண்ணீர் என்று நீட்டினால்
விரதம் தங்கச்சி என்கிறார்கள்.
முருகனிடம் வழக்காடும் வக்கீல் ஆனேன்.
ஈரத்துணி விரதத்தை முறிக்காது.
தலையில் ஊற்றினால் அது முழுக்கு.
நாக்கில் ஐஸ் கட்டி வைத்தால்
அது உணவுமல்ல பானமுமல்ல, கல்.
ஒரு பெண் சிரித்தாள்,
சிரித்த வாயில் வைத்துவிட்டேன்.

பஞ்சலிங்கம் சிரிக்கவில்லை.
அறுபது வயதிருக்கும்.
வியர்வை நின்றிருந்தது, அதைத்தான் முதலில் கண்டேன்.
காவடியின் பீலிகள் ஆடிக்கொண்டிருக்க
ஆடாமல் நின்றார்.
பிறகு முழங்கால் மடிந்தது.

காவடியைத் தாங்கிப் பிடித்தார் செமிசி,
ஞாயிறுதோறும் தொங்கர்களின் தேவாலயத்தில் பாடுகிறவர்.
தொடலாமா என்று
தாங்கிய பிறகுதான் கேட்டார்.

கழுத்தில் ஐஸ், கக்கத்தில் ஐஸ், தொடையிடுக்கில்.
படிவத்தில் மூன்று கேள்விகள்.
உங்கள் பெயர்? சொன்னார், முன்னெழுத்தோடு.
இது என்ன மாதம்? வைகாசி.
இப்போது எங்கே இருக்கிறீர்கள்?
'வட்டுவாகல் பாலம்.'

பேனாவோடு என்னைப் பார்த்தார் செமிசி.
சரியா, தவறா?
இரண்டு கட்டங்கள்தாம் இருந்தன.
அந்தப் பாலத்தை நான்
இதே ஊரில், சோபாவில் இருந்து,
தொலைக்காட்சியில் பார்த்தவள்.
சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தவள்.
தவறு, என்றேன்.
ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள், அவசரம் என்று சொல்லுங்கள்.

உதட்டை நனைக்கத் துணியைக் கொண்டுபோனேன்.
கையைத் தட்டிவிட்டார்.
'முதல்ல பிள்ளைக்குக் குடுங்கோ.'

அவர் காட்டிய இடத்தில்
பேருந்து நிறுத்தத்தின் கம்பம் நின்றது.
கம்பத்தின் நிழல், விரல் அகலத்துக்கு.
பயிற்சியில் சொல்லித் தந்திருக்கிறார்கள்,
குழம்பியவரோடு வாதாடாதே,
பொய்யும் சொல்லாதே.
திரும்பிக் குனிந்தேன்.
போத்தலைச் சரித்துப் பிடித்து
ஒரு மிடறு நேரம் பொறுத்திருந்தேன்.
குடுத்தாச்சு ஐயா.
'குடிச்சவளோ?'
குடிச்சிட்டாள்.

அதன் பிறகே உதட்டைத் திறந்தார்.

தூக்கிக்கொண்டு போனார்கள்.
காவடி வண்டிக்குள் நுழையாது.
நிறுத்தத்தின் இருக்கையில் சாய்த்து வைத்தோம்,
திங்கட்கிழமை ஏறப்போகும்
பயணி போல இருந்தது.

போத்தலில் மிஞ்சியதைக்
கம்பத்தடியில் ஊற்றினேன்.
சின்னப் பாதம் அளவுக்கு ஓர் ஈரம்
ஓரத்திலிருந்து சுருங்கத் தொடங்கியது.

வீணாக்காதே, என்று கத்தினார் செமிசி.
இன்னும் இருநூறு பேர் வருகிறார்கள்.

வந்தார்கள்.